உப்புத் தண்ணீரில் ஒரு நீர்மூழ்கி

பழவேற்காடு
2.6.2024, ஞாயிறு

ரஞ்சித்துக்கு,

அஸாருதீன் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ என் நம்பரை ப்ளாக் செய்து இருபது நாள் ஆகிறது. என் வீட்டுக்காரி ஜஸீலாவின் போனிலிருந்து அடித்தேன். அதையும் ப்ளாக் செய்தாய். அவள் உனக்கு என்ன பாவம் செய்தாள்? வருஷா வருஷம் நோன்புக் கஞ்சி ஊற்றினாள், அவ்வளவுதான்.

குப்பத்துக்குப் போய் உன் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். வினோதினி நண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இன்னாண்ணா, நான் இன்னா ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல செல்போன் டவரா? கடுதாசி போட்டுக்கோங்க"னு சொல்லி, நீ வேலை பார்க்கும் காக்கிநாடா படகுப் பட்டறையின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே ஐந்தாம் தேதி குப்பமே கரையில் நிற்க, நம் நீர்மூழ்கி உள்ளே போனது, திரும்பி வரவில்லை. இரண்டு வருஷம் நீ ஃபைபர் உடம்பு செய்து, நான் மோட்டாரும் ரிசீவரும் பொருத்தி, ஏரியின் அடியில் கேமராவை இறக்கி, வலையைக் கிழிக்கிறது என்னவென்று பார்க்கப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தோம். ரிமோட் என் கையில் இருந்ததால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். "பாய் ரேடியோ புட்டுகிச்சு"னு எல்லார் முன்னாலும் சொன்னாய். எனக்கு அதுதான் வலி.

நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். படகுக்கு நீ போட்ட மூடி ஒழுகியிருக்கிறது. தண்ணீர் உள்ளே ஏறி ரிசீவர் செத்துப்போயிருக்கிறது. வேறு காரணமே இல்லை. இதை ஒப்புக்கொண்டால் உன் கிரீடம் ஒன்றும் இறங்கிவிடாது.

இன்னொன்று. ஜூலை பதினாலாம் தேதி பாடு சீட்டு போடுகிறார்களாம். முகத்துவாரத்துப் பக்கத்து ஆழத்தில் எந்த வீட்டுக்கு எந்த நாள் வலை என்று அன்றைக்குத்தான் முடிவாகும், வராத தலைக்கட்டின் பெயரை வருஷம் முழுக்க அடித்துவிடுவார்கள் என்று வினோதினி சொன்னாள். சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது. என் மேல் உள்ள கோபத்துக்கு அவள் சோற்றில் கை வைக்காதே. வந்து சேர்.

அஸார்

---

காக்கிநாடா
9.6.2024

உயர்திரு அஸாருதீன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் யோசித்துப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அந்த வேலையை மே ஐந்தாம் தேதிக்கு முன்னால் செய்திருக்கலாம்.

மூடி ஒழுகவில்லை. நான் எட்டு ஸ்க்ரூ போட்டிருக்கிறேன். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தை மூன்று தடவை அராவி, நாலாவது தடவை புதிதாக வார்த்தேன். வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் தடவினேன். பின்பக்கம் விசிறித் தண்டு வெளியே வரும் பித்தளைக் குழாயிலும் கிரீஸ் அடைத்தேன். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் செங்கல் கட்டி இரண்டு நாள் முழுக்கிவைத்துப் பார்த்தது யார்? வினோதினி இரண்டு நாள் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்தாள். ஆகவே ரேடியோதான் போயிற்று. தாங்கள் வேண்டுமானால் இன்னொரு முறை யோசிக்கலாம்.

சீட்டுக்கு நான் வர மாட்டேன். காரணம் உங்கள் மேல் கோபம் மட்டும் இல்லை. மே ஐந்தாம் தேதி நாம் படகை இறக்கிய இடத்தில் திருவேங்கடம் மாமாவுடைய முறை. அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது, இறால் பாய்கிற நேரம். இருபது நாளைக்கு ஒருமுறை வருகிற நாளை, "மாமா, ஒரே ஒரு நாள் உடு"னு நான் கேட்டேன் என்பதற்காக விட்டுக் கொடுத்தார். வலை போடாமல் கரையில் கையைக் கட்டி நின்றார். முழுகினது வரவில்லை என்றதும் குப்பமே சிரித்தது. அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நான் ஊரில் இருந்திருப்பேன்.

இங்கே பெரிய படகுகளுக்கு ஃபைபர் அடிக்கிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

ரஞ்சித்

பி.கு.: புதிதாக எதையாவது கட்ட ஆரம்பித்திருந்தால், அந்த இரும்புத் தண்டு வேண்டாம், துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் வாங்கு. வாங்குங்கள்.

---

பழவேற்காடு
16.6.2024, ஞாயிறு

ரஞ்சித்,

நாளைக்குப் பெருநாள். செல்போன் ரிப்பேருக்குக் கடையில் கூட்டம். இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடை திறந்தேன். திருவேங்கடம் அண்ணன் வாசலில் நின்றார். தோளில் சாக்கு மூட்டை. "பாய், இது ஒன்னுதா பாரு"னு மேசை மேல் வைத்தார். சாக்கைப் பிரித்தேன். நம் படகு. விடியற்காலை அவர் முறையில் வலை இழுத்தபோது வலையின் மடியில் வந்திருக்கிறது. மேலெல்லாம் சேறு, ஒரு பக்கச் சுக்கானில் சிப்பி ஒட்டியிருந்தது.

நாற்பது நாள் தண்ணீருக்கு அடியில் கிடந்திருக்கிறது. எட்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன். மூடியைத் தூக்கினேன். கசிந்தால் தெரியட்டும் என்று அடியில் ஒரு டிஷ்யூ பேப்பர் போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அது மொடமொட என்று இருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை. பேட்டரி மட்டும் செத்திருக்கிறது.

ஆகவே நான் எழுதியது தப்பு. உன் மூடி ஒழுகவில்லை. உன் கையைப் பற்றி அப்படிச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள், நான் இன்னொரு தடவை சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

கேமரா கார்டில் பத்து நிமிஷம் ஓடியிருக்கிறது. எல்லாம் கலங்கல். ஒரே ஒரு இறால் வந்து மீசையால் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறது. அண்ணன் அதை மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார், போய்விட்டார்.

இப்போது நீ ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படகின் அடியில் ஏழு ஈயக் குண்டுகள் வரிசையாகக் கட்டியிருக்கின்றன. வலையில் கட்டுகிற குண்டு, நைலான் நூல், முடிச்சு உன் முடிச்சு. நான் பொருத்தியபோது அவை இல்லை. மாலை வரை அந்த ஏழையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாமல் என்னடா செய்தாய்?

அஸார்

---

காக்கிநாடா
22.6.2024

அஸாருக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். பதில் எழுத வாய் வரவில்லை, கை எங்கே வரும்.

அன்றைக்குக் காலையில் நீ கடைக்கு டார்ச் எடுக்கப் போனாய். ஒரு தடவை முழுக்கிப் பார்க்கலாம் என்று நான் ரிமோட்டை எடுத்து உள்ளே தண்ணீர் இழுக்கவைத்தேன். காட்டூர் மாட்டு டாக்டரிடம் கேட்டு வாங்கினோமே, நூறு மில்லி மாட்டு ஊசி இரண்டு, அவை இரண்டும் முழுசாகத் தண்ணீர் குடித்தன. படகு முழுகவில்லை. முதுகு வெளியே தெரிய மிதந்தது. அமுக்கிவிட்டால் மறுபடி மேலே வந்தது. மார்கழியில் இதே ஏரியில் எவ்வளவு அழகாக இறங்கியது. கரையில் அதற்குள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். எவனோ, "இன்னாடா ரஞ்சித்து, செத்த மீனாட்டம் மெதக்குது"னு கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வலைப் பெட்டியிலிருந்து குண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கட்டினேன். ஏழாவது குண்டில் நேராக உட்கார்ந்தது. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கணக்குப் போடுகிறேன் என்று நீ ஒரு மணி நேரம் எடுப்பாய்.

அது போய்ச் சேர்ந்ததும் எனக்கு அந்த ஏழு குண்டுதான் ஞாபகம் வந்தது. என்னால்தான் போயிற்று என்று தெரிந்தே, ரேடியோ போயிற்று என்று கத்தினேன். சிரிப்பு உன் பக்கம் திரும்பியது. அதைத்தான் நான் விரும்பினேன். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆனால் ஒன்று புரியவில்லை. சிக்னல் போனால் ஊசி தானாகவே தண்ணீரை வெளியே தள்ளி, படகு மேலே வந்துவிடும் என்று நீ மாசக்கணக்கில் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தாயே. அது ஏன் வேலை செய்யவில்லை?

ரஞ்சித்

---

பழவேற்காடு
28.6.2024, வெள்ளி

ரஞ்சித்,

ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டாய். நான் அதைப் பிடுங்கிவிட்டேன், அதனால்தான்.

பக்கத்து வெல்டிங் கடையில் பொறி பறக்கும்போதெல்லாம் ரிசீவர் ஏமாந்துபோய், சிக்னல் போயிற்று என்று நினைத்து ஊசியைத் தள்ளிவிடும். மே நாலாம் தேதி மட்டும் ஐந்து தடவை இப்படிச் செய்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் மேலே வந்து நின்றால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அந்த ஒயரை வெட்டி டேப் சுற்றிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ விடமாட்டாய். ஆக நீயும் சிரிப்புக்குப் பயந்தாய், நானும் சிரிப்புக்குப் பயந்தேன். குப்பத்துக்காரர்கள் எப்படியும் சிரித்துத்தான் தீர்த்தார்கள்.

இப்போது உட்கார்ந்து கேள். மார்கழியில் முழுகின படகு மே மாதம் ஏன் மிதந்தது என்று நீ எழுதியதைப் படித்துத்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. மார்கழியில் ஏரி முழுக்க மழைத் தண்ணீர். மே மாதம் உப்பு. உப்புத் தண்ணீர் தூக்கிவிடும். சரி, எவ்வளவு தூக்கும் என்று கணக்குப் போட்டேன். நம் படகின் அளவுக்கு நூற்றி எண்பது கிராம் வருகிறது. உன் ஏழு குண்டையும் நகைக்கடைத் தராசில் வைத்தேன். நூற்றி எழுபத்தைந்து. நீ நாற்பது பேர் கேலிக்கு நடுவில் கையால் போட்ட கணக்கு அது. குண்டு தப்பே இல்லை. ஒயர் வெட்டாமல் இருந்திருந்தால் அந்தக் குண்டுகளோடேயே மேலே வந்திருக்கும்.

இன்னும் இருக்கிறது. சென்னை ரிச்சி தெருக் கடையெல்லாம் அலைந்து அந்தப் பழைய மாடல் ரிமோட்டை வாங்கினேனே, அதன் அலை தண்ணீருக்குள் போகும் என்று. நல்ல தண்ணீருக்குள்தான் போகும். உப்புத் தண்ணீருக்குள் ஒரு முழம் போவதற்குள் செத்துவிடுமாம். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் எழுதிவைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. அவர்கள் குளத்தில் ஓட்டுகிறார்கள், நமக்குக் குளம் எங்கே இருக்கிறது. மே மாதம் ஏரி உப்பு என்று உனக்குத் தெரியும், எனக்கு அது விஷயமாகவே தோன்றவில்லை. ரேடியோ என் வேலை என்று நீ கேட்கவில்லை, தண்ணீர் உன் வேலை என்று நான் கேட்கவில்லை.

ஒரு யோசனை இருக்கிறது. ஏரியலை உள்ளே வைக்காமல், ஒரு மிதவையில் கட்டி மேலே விடலாம். படகு அடியில் போகும், மிதவை மேலே கூடவே வரும், இரண்டுக்கும் நடுவில் ஒயர். ஒயர் உடம்புக்குள் நுழையும் இடம் ஒழுகக் கூடாது. அதை என்னால் செய்ய முடியாது. உன்னால்தான் முடியும்.

பதினாலாம் தேதிக்கு வா ரஞ்சித். நீ இல்லாமல் கடையில் உட்கார்ந்து டிஸ்ப்ளே மாற்றுவது சலித்துவிட்டது.

அஸார்

---

காக்கிநாடா
4.7.2024

பாய்,

ஒயரைச் சும்மா துளை போட்டு நுழைத்து பசை அடிக்காதே, உன் புத்தி அப்படித்தான் போகும். ஒயரின் மேல் ரப்பர் வழியாகவே தண்ணீர் ஊர்ந்து உள்ளே வரும். நடுவில் அரை அங்குலம் தோலை உரித்து, செம்புக் கம்பியைப் பிரித்து, ஒரு பித்தளைக் குழாய்க்குள் நிறுத்தி ரெசின் ஊற்ற வேண்டும். கம்பி இழைகளுக்கு நடுவிலும் ரெசின் போக வேண்டும். இங்கே செய்து பார்த்தேன். பட்டறைத் தொட்டியில் மூன்று நாளாகக் கிடக்கிறது, கசியவில்லை. அதையும் புதிய வால் பகுதியையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வால் கொஞ்சம் நீளம். மிதவை பின்னால் இழுக்கும்போது மூக்கு தூக்காமல் இருக்க அது வேண்டும்.

மிதவைக்கு நண்டு வலை மிதவையை எடுக்காதே, பெரிது, இழுவை அதிகம். மத்தி வலையில் வருகிற சின்ன வெள்ளை மிதவை இரண்டைச் சேர்த்துக் கட்டு. ஒயர் இரண்டாள் ஆழத்துக்கு மேல் இன்னும் ஒரு பாகம், இரண்டு கையும் விரித்த நீளம், இருக்கட்டும். விசிறியைச் சுற்றி ஒரு வளையம் செய்கிறேன், இல்லாவிட்டால் ஒயரை அதுவே சுற்றித் தின்றுவிடும். வெட்டின ஒயரை முதலில் ஒட்டு. மற்றதெல்லாம் அப்புறம்.

இதையெல்லாம் எழுதும்போது நன்றாக இருந்தது. நேற்று முழுக்க நான் யாரோடும் சண்டை போடவில்லை என்று பட்டறையில் கேட்டார்கள், உடம்பு சரியில்லையா என்று.

ஆனால் பதினாலாம் தேதிக்கு வர மாட்டேன். வினோதினியும் தினமும் போனில் இதையேதான் கேட்கிறாள். இந்த வருஷம் பெயர் போனால் போகட்டும், நான் இங்கிருந்து சம்பளம் அனுப்புகிறேன் என்றேன். அவள், "சம்பளம் வரும், நீ வருவியா?"னு கேட்டு வைத்துவிட்டாள். பெயர் ஒரு தடவை போனால் திரும்பச் சேர்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். என் நைனா காலத்தில் ஒருவர் ஒன்பது வருஷம் கரையில் நின்றார்.

நான் என்ன செய்ய? சீட்டு போடும்போது எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். எனக்கு நேர் எதிரே திருவேங்கடம் மாமா உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்து ஒரு சீட்டை எடுக்க என்னால் முடியாது. அவருடைய நாளைத் தின்றவன் நான். பாடு என்பதே ஒருத்தன் நாளில் இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது என்பதுதான்.

ரஞ்சித்

---

பழவேற்காடு
14.7.2024, ஞாயிறு, மாலை

ரஞ்சித்,

சீட்டு போட்டாயிற்று. நான் அங்கே இருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் கோபப்படாதே.

எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரியும். தள்ளி, படகு நிழலில் நின்றேன். குப்பத்துத் தலைவர் பார்த்துவிட்டு, "இன்னா பாய், ஒனக்கும் ஒரு சீட்டு வேணுமா?"னு கேட்டார். சிரித்தார்கள். நான் முன்னால் போய், சீட்டு வேண்டாம், ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்றேன். அன்றைக்குப் படகு போனதற்கு நான்தான் காரணம், மேலே கொண்டுவருகிற ஒயரை நான் வெட்டிவிட்டேன், உப்புத் தண்ணீரில் ரேடியோ போகாது என்றும் எனக்குத் தெரியவில்லை, ரஞ்சித்தின் வேலையில் ஒரு குறையும் இல்லை, நாற்பது நாள் கழித்துத் திறந்தபோது உள்ளே காய்ந்து கிடந்தது என்று சொன்னேன். குண்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அது உன் விஷயம். யாரும் சிரிக்கவில்லை, அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது.

பெயர் படித்தார்கள். உன் பெயர் வந்தது. "ரஞ்சித்து." இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். வினோதினி பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், புடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். தலைவர் பேனாவை எடுத்தார்.

அப்போது திருவேங்கடம் அண்ணன் எழுந்தார். "அடிக்காத. அவன் சீட்ட நான் எடுக்கறேன்"னு சொன்னார்.

உங்களிடம் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். உனக்குத் தெரிந்திருக்கும். வராதவனுக்காக இன்னொரு தலைக்கட்டு சீட்டு எடுக்கலாம். ஆனால் வராதவன் தன் முதல் முறைக்கு வந்து நிற்காவிட்டால், எடுத்தவனுக்கும் அந்த வருஷம் பாடு கிடையாது. தலைவர் அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். "ரோசன பண்ணிக்கோ. அவன் எங்கியோ ஆந்திராவுல கெடக்கறான்"னு சொன்னார்.

அண்ணன் சொன்னது இது. "ஒரு நாள் எறா தான? அத்த அன்னிக்கே தின்னு தீத்திருப்போம். அது உள்ள போச்சே, அத்த நான் பாத்தேன். அப்டியே நேரா எறங்கிச்சு. இன்னொரு வாட்டி எறங்கட்டும். என் வலைய கிழிக்கறது கட்டையா கல்லான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்." சொல்லிவிட்டுக் குனிந்து பானைக்குள் கை விட்டார். முதலில் உன் சீட்டை எடுத்தார், பிறகு தன்னுடையதை.

உன் முதல் முறை ஆகஸ்ட் இரண்டு, வெள்ளிக்கிழமை. ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால்.

பார்சல் வந்தது. வால் நன்றாக உட்காருகிறது. இதற்கு மேல் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அஸார்

---

காக்கிநாடா
18.7.2024

பாய்,

உன் கடிதத்தைப் பட்டறை வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்து, யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, ஊருக்குப் போக வேண்டும் என்றேன். இருபத்தாறாம் தேதியோடு கணக்கு முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

குண்டைப் பற்றி நீ யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதினாய். எனக்காக மறைத்தாய், தெரிகிறது. ஆனால் பாய், படகை வலையிலிருந்து எடுத்தது யார்? சேற்றோடு சாக்கில் கட்டி, உன் கடை வரைக்கும் தூக்கி வந்தது யார்? நாற்பது வருஷம் வலை கட்டின கை அது. குப்பத்தில் எந்த முடிச்சு எவன் போட்டது என்று இருட்டில் தடவியே சொல்லிவிடுவார். அந்த ஏழு குண்டையும் உனக்கு முன்னால் அவர்தான் பார்த்திருக்கிறார். நான் கட்டிவிட்டு உன் மேல் பழி போட்டது அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ பஞ்சாயத்தில் எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டபோதும் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தார். தெரிந்துதான் எழுந்து என் சீட்டை எடுத்தார்.

அதனால் நீ சொன்னதோடு விட்டுவிட முடியாது. குண்டு கட்டியது நான், ரேடியோ என்று கத்தியது நான் என்று அவர் முன்னாலும், தலைவர் முன்னாலும் நானே சொல்ல வேண்டும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவருக்குத் தெரிந்ததை அவருக்கே எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ரயிலில் யோசித்துக்கொள்கிறேன்.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை, சூளூர்பேட்டையில் லோக்கல் பிடித்து மதியம் பொன்னேரிக்கு வந்துவிடுவேன். பஸ் இருக்கிறது, எனக்கு வழியும் தெரியும். இருந்தாலும் நீ பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா. குப்பத்துக்குள் நடந்து போகும்போது என் பக்கத்தில் நீ இருக்க வேண்டும்.

ரஞ்சித்